வைத்தியர் சாமுவேல் ஹௌ: அந்தகர் கல்வியும் பொதுப்பணமும்

மக்களுக்குத் தொண்டு செய்த பெரியோரின் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் அன்பையும் தியாகத்தையும் விரித்துரைப்பர். அத்தொண்டுக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், எக்கணக்கில் கொடுத்தார் என்பனவற்றைப் பெரும்பாலும் கூறாது விடுவர். அன்பைப் பேசுமிடத்தில் கணக்கைப் பேசுதல் சிறப்பன்று என்பது அவர் கருத்துப்போலும். ஆயினும், ஒரு குழந்தைக்குக் கண் தெரியவில்லை, அல்லது காது கேட்கவில்லை, அல்லது அறிவு மெல்லவே வளர்கின்றது என்றால், அதன் கல்விக்குப் பிற குழந்தைகளின் கல்வியைக் காட்டிலும் பன்மடங்கு செலவாகும். அச்செலவைப் பெற்றோர் ஏற்பதா, ஊரார் ஏற்பதா, நாடு முழுவதும் ஏற்பதா என்னும் வினாவுக்கு விடை காணாதவரை, எத்துணை அன்பிருப்பினும் பள்ளியின் கதவு நெடுநாள் திறந்திராது. இவ்வினாவை ஐக்கிய அமெரிக்க நாட்டில் வாழ்நாளெல்லாம் எழுப்பி, ஓரளவு விடையும் கண்டவர் வைத்தியர் சாமுவேல் கிரிட்லி ஹௌ என்பவர். அவர் கண்ட விடையின் நன்மையையும் அதில் மறைந்திருந்த குறையையும் ஒருங்கே ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

இளமையும் கிரேக்க நாட்டுத் தொண்டும்

ஹௌ 1801ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாகாணத்தின் தலைநகராகிய பாஸ்டனில் பிறந்தார். தந்தையார் கப்பல்களுக்குக் கயிறு திரித்து விற்கும் தொழிற்சாலை ஒன்றின் உரிமையாளர். 1812ஆம் ஆண்டு மூண்ட போரின்போது அவர் அரசாங்கத்துக்குப் பெருந்தொகை மதிப்புள்ள கயிற்றைக் கடனாக வழங்கினார். அக்கடன் திரும்பவில்லை, குடும்பம் செல்வநிலையினின்று தாழ்ந்தது. அரசாங்கத்தை நம்பிக் கெட்ட ஒருவரின் மகன், பிற்காலத்தில் அரசாங்கப் பொக்கிஷத்தின் வாயிலில் நின்று ஏழைக் குழந்தைகளுக்காக ஆண்டுதோறும் பணம் கேட்டுப் பெறுவதையே தொழிலாகக் கொண்டது வியப்பன்றோ!

பிரவுன் கல்லூரியில் பயின்றபோது அவர் படிப்பினும் குறும்பிலேயே பெயர் பெற்றிருந்தார். கல்லூரித் தலைவரின் குதிரையை மாடிப்படிகளின் வழியே மேல்மாடிக்கு ஏற்றிவிட்டார் என்று ஒரு கதை வழங்குகின்றது. 1821இல் அக்கல்லூரியில் பட்டம் பெற்று, 1824இல் ஹார்வர்டில் வைத்தியப் பட்டமும் பெற்றார். அக்காலத்தில் துருக்கியரின் ஆட்சியினின்று விடுபடுவதற்குக் கிரேக்கர் போர் புரிந்துகொண்டிருந்தனர். இளைஞர் ஹௌ அங்குச் சென்று போர்க்களத்திலும் கப்பலிலும் காயமுற்றோர்க்குச் சிகிச்சை செய்தார்.

பின்னர்த் தாய்நாடு திரும்பி, ஊர் ஊராய்ப் பேசி ஏறக்குறைய 60,000 டாலர் திரட்டி, உணவும் உடையும் வாங்கிக்கொண்டு மீண்டும் கிரேக்க நாட்டை அடைந்தார். அங்கே அவர் கற்ற பாடம் ஒன்று நம் கருத்துக்கு உரியது. ஈஜினா என்னும் தீவில் அகதிகள் ஆயிரக்கணக்கில் பசித்திருந்தனர். கொண்டுவந்த மாவை அவர்களுக்குச் சும்மா பங்கிட்டுக் கொடுப்பதைவிட, பழுதுற்ற துறைமுகத்தைச் செப்பனிடும் வேலையில் அவர்களை அமர்த்தி, அவ்வேலைக்குக் கூலியாகக் கொடுப்பதே மேல் என அவர் துணிந்தார். பசி தீர்ந்தது, துறைமுகமும் எழுந்தது, வாங்கியவர் முகத்தில் இரவலரின் நாணமும் இல்லை. கொடுக்கும் பணம் ஒன்றே ஆயினும், கொடுக்கும் முறை அதைப் பிச்சையாகவும் ஆக்கும், உரிமையாகவும் ஆக்கும் என்பதை அவர் அன்றே கண்டார்.

பணமில்லாத பள்ளி

பாஸ்டனில் ஜான் டிக்ஸ் பிஷர் என்னும் மற்றொரு வைத்தியர், பாரிஸ் நகரில் கண்ணிழந்த சிறுவர் விரலால் தடவிப் படிப்பதைப் பார்த்துவந்தவர். அவருடைய முயற்சியால் 1829ஆம் ஆண்டில் அந்தகர் பள்ளி ஒன்றை நிறுவுவதற்கு மாகாணச் சட்டசபை அனுமதி வழங்கியது. அனுமதி கிடைத்ததேயன்றிப் பள்ளி தோன்றவில்லை. கட்டடமில்லை; ஆசிரியரில்லை; நூலில்லை; இவை அனைத்தையும் தரவல்ல பணமும் போதிய அளவில்லை. இந்நிலையில் 1831ஆம் ஆண்டு தருமகர்த்தர்கள் ஹௌ அவர்களைத் தலைவராக நியமித்து, ஐரோப்பியப் பள்ளிகளைக் கண்டுவர அனுப்பினர்.

பாரிஸ், எடின்பரோ, பெர்லின் முதலிய நகரங்களை அவர் பார்வையிட்டார். பாரிஸ் பள்ளி காண்போரைக் களிப்பிப்பதிலேயே நாட்டங்கொண்டு, மாணவர் பிழைத்தற்குரிய வழியைக் கருதவில்லை என்பது அவர் மதிப்பு. இடையே, நாடிழந்த போலந்து அகதிகளுக்கு உதவித்தொகை கொண்டுசென்ற காரணத்தால் பிரஷ்ய அரசாங்கத்தார் அவரைப் பெர்லினில் சில வாரங்கள் சிறையில் வைத்தனர். விடுதலையுற்று, கண்ணிழந்த ஆசிரியர் இருவரை உடன் அமர்த்திக்கொண்டு 1832இல் பாஸ்டன் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், பிளெசண்டு தெருவிலிருந்த தம் தந்தையார் வீட்டிலேயே ஒரு சில மாணவர்களைக்கொண்டு பள்ளியைத் தொடங்கினார். நூல்கள் இல்லாமையால், தடித்த அட்டையில் நூற்கயிற்றை ஒட்டி எழுத்துக்களை அமைத்துக் கற்பித்தார் என்பர்.

சில திங்கள் கழிவதற்குள் கையிருப்புக் கரைந்தது. அப்போது ஹௌ ஒரு துணிவான செயல் செய்தார். தம் மாணவரைச் சட்டசபை உறுப்பினர் முன்னே அழைத்துச்சென்று, அவர்கள் படிப்பதையும் கணக்கிடுவதையும் நிலப்படத்தில் நாடுகளைத் தொட்டுக் காட்டுவதையும் காணச்செய்தார். கண்ட உறுப்பினர் மனம் இளகினர். ஏழை மாணவர் 20 பேரைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்னும் நிபந்தனையின்மேல், ஆண்டொன்றுக்கு 6,000 டாலர் அளிக்க மாகாணம் இசைந்தது.

இவ்வேற்பாட்டை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். ஒரு மாணவனுக்கு ஆண்டுக்கு 300 டாலர் என்பது இதன் கணக்கு. பள்ளிக்கு மொத்தமாக ஒரு நன்கொடை வழங்கி, அதை விரும்பியவாறு செலவிடுக என்று விடாமல், இன்ன குழந்தைக்கு இன்ன தொகை என்று பணத்தைக் குழந்தையோடு இணைத்தது இதன் சிறப்பு. கனெக்டிகட், வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர் முதலிய அண்டை மாகாணங்களும் தத்தம் குழந்தைகளுக்கு இவ்வாறே பணம் கட்டி அவர்களைப் பாஸ்டனுக்கு அனுப்பத் தொடங்கின. தனக்கெனப் பள்ளி கட்ட வசதியில்லாத மாகாணமும் தன் கண்ணிழந்த குழந்தைக்குக் கல்வி தர இதனால் வழி பிறந்தது.

நாளாந்தச் செலவுக்கு வழி கிடைத்தபின் கட்டடத்துக்கு வழி தேடினர். தாமஸ் ஹாண்டசைட் பெர்க்கின்ஸ் என்னும் பெருவணிகர், பொதுமக்கள் 50,000 டாலர் திரட்டுவார்களாயின் தம் மாளிகையைப் பள்ளிக்கு அளிப்பதாக அறிவித்தார். நகரத்துப் பெண்மக்கள் 1833இல் ஒரு பெருஞ்சந்தை கூட்டித் தம் கைவேலைப் பொருள்களை விற்றனர். செல்வர் பலர் கையொப்பமிட்டனர். தொகை விரைவிலே நிரம்பியது. 1839இல் அம்மாளிகை இடம் போதாமற் போகவே, பெர்க்கின்ஸின் இசைவோடு அதற்கு மாறாகத் தென் பாஸ்டனில் ஒரு பெரிய விடுதிக் கட்டடம் பெறப்பட்டது. பள்ளியும் அவர் பெயரையே தாங்கிற்று. பெர்க்கின்ஸின் செல்வத்தில் ஒரு பகுதி இளமையில் அடிமை வாணிகத்தாலும் பின்னர்ச் சீனத்துக்கு அபினி விற்றதாலும் வந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. தனியார் கொடையை மட்டுமே நம்பியிருக்கும் பள்ளி, அக்கொடை வந்த வழியைக் கேட்கும் உரிமையையும் இழந்துவிடுகின்றது. பொதுப்பணத்தை ஹௌ பெரிதும் நாடியது ஏன் என்பது இதனாலும் விளங்கும்.

ஊரா, மாகாணமா?

அக்கால நியூ இங்கிலாந்தில் ஏழையரைக் காக்கும் கடமை ஒவ்வோர் ஊருக்கும் உரியதாயிருந்தது. பள்ளிச்செலவும் பெரும்பாலும் ஊர் வரியினாலேயே நடைபெற்றது. இம்முறை வலிய குழந்தைக்கு ஏற்றதாயினும் மெலிந்த குழந்தைக்குக் கொடியதாய் முடிந்தது. ஆதரவற்றோரைக் குறைந்த தொகைக்கு வைத்துக் காப்பாற்ற யார் இசைகின்றனரோ அவரிடம் ஒப்படைப்பதற்கு ஏலம் விடும் வழக்கமும் சில ஊர்களில் இருந்தது. ஏலத்தில் பொருளின் விலை ஏறுவதைக் கண்டிருக்கிறோம். இங்கோ மனிதரின் விலை இறங்க இறங்க ஊரார் மகிழ்ந்தனர். எடுத்தவன் தன் ஆதாயத்தைக் காக்கவேண்டுமாயின், எடுக்கப்பட்டவரின் உணவையும் உடையையும் குறைத்தே தீரவேண்டும்.

ஓர் ஊரில் நூறு குழந்தைகள் படிக்கின்றனர் என்றும், அவருள் ஒன்று கண்ணில்லாதது என்றும் கொள்வோம். அந்த ஒரு குழந்தையைத் தொலைவிலுள்ள பள்ளியில் வைத்துப் படிப்பிக்க 300 டாலர் ஆகுமெனின், அச்சிற்றூரின் பள்ளிச் செலவுத்திட்டமே தடுமாறும். வரி கொடுப்போர் அக்குழந்தையைத் தம் பிள்ளைகளின் பங்கைப் பறிக்க வந்ததாக எண்ணுவர். அதே தொகையை மாகாணம் முழுவதும் பகிர்ந்துகொண்டால், ஒருவருக்கும் அது சுமையாகத் தோன்றாது. எந்த ஊரில் கண்ணிழந்த குழந்தை பிறக்கும் என்பதை முன்னறிவார் யாருமிலர். ஆதலால் எல்லா ஊர்களும் சேர்ந்து அப்பொறுப்பைத் தாங்குவதே நீதி. மாகாணத்தின் பணத்தை ஹௌ நாடியதன் பயன் இதுவே. பின்னர் அவர் தம் மாணவருடன் பல மாகாணங்களுக்குச் சென்று, சட்டசபைகளின் முன் இதையே வற்புறுத்தினார். ஒஹையோ, கென்டக்கி முதலிய இடங்களில் அந்தகர் பள்ளிகள் தோன்றுவதற்கு அவருடைய பயணங்கள் துணை செய்தன.

பொதுக்கல்வியின் செப்பத்திலும் அவர் கருத்துச் செலுத்தினார். மாசசூசெட்ஸ் கல்விச் சபையின் செயலாளராயிருந்து புகழ்பெற்ற ஹொரேஸ் மன் அவருக்கு உற்ற நண்பர். 1844இல் ஹௌ பாஸ்டன் நகரப் பள்ளிக்குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டில் அந்நகரப் பள்ளிகளில் எழுத்துத்தேர்வு நடத்தி, வரிப்பணத்தில் நடைபெறும் பள்ளிகளில் மாணவர் உண்மையிலேயே எவ்வளவு கற்கின்றனர் என்பதை வெளியிட்ட குழுவில் அவரும் ஒருவர். பணம் கேட்பவன் அதன் பயனையும் காட்டவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

லாரா பிரிட்ஜ்மன்

1837ஆம் ஆண்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தின் ஹானோவர் என்னும் ஊரிலிருந்து லாரா பிரிட்ஜ்மன் என்னும் ஏழு வயதுச் சிறுமியை ஹௌ தம் பள்ளிக்கு அழைத்துவந்தார். இரண்டு வயதில் வந்த நச்சுக்காய்ச்சலால் அவள் கண்ணையும் செவியையும் இழந்தவள். கரண்டி, திறவுகோல் போன்ற பொருள்களின்மேல் மேடான எழுத்துக்களில் பெயரை ஒட்டி, அவற்றை அவள் விரலால் தடவச்செய்து, பலநாட் பொறுமைக்குப்பின் மொழியின் இரகசியத்தை அவளுக்கு விளங்கவைத்தார். கண்ணும் செவியும் இரண்டும் இல்லாத ஒருவர் முறையாக மொழிக்கல்வி பெற்று உலகப்புகழ் அடைந்தது அதுவே முதன்முறை. 1842இல் ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அப்பள்ளிக்கு வந்து அவளைக் கண்டு, தம் அமெரிக்கப் பயண நூலில் அவளைப்பற்றி விரிவாக எழுதினார்.

புகழ் வந்தது, கூட்டமும் வந்தது. காட்சி நாள்களில் பாஸ்டன் மக்கள் திரண்டுவந்து லாராவை வேடிக்கை பார்த்தனர். பள்ளிக்கு நன்கொடை பெருகிற்று. ஆயினும், கல்வி உரிமை எனப் பேசிய ஹௌ, அவ்வுரிமையைப் பெறுவதற்குக் குழந்தைகளின் குறையையே காட்சியாக வைக்கவேண்டியதாயிற்று. பிற குழந்தைகள் வரி கொடுப்போர் முன் வித்தை காட்டிப் பள்ளியில் இடம் பெறுவதில்லை. இக்குழந்தைகள் மட்டும் காட்டவேண்டியிருந்தது. பிறரின் இரக்கத்தால் பெற்றது அவ்விரக்கம் தணியுந்தோறும் மீண்டும் கேட்டுப் பெறவேண்டியதாகும் என்பது இதில் அடங்கிய துன்பம்.

லாராவின் பிற்கால வாழ்க்கையே இதற்குச் சான்று. கல்விக்காலம் முடிந்தபின் அவள் தன் ஊருக்குத் திரும்பினாள். அங்கே அவளோடு விரல்மொழியில் உரையாட நேரமுள்ளவர் இல்லாமையால் உடல் மெலிந்து வாடினாள். மீண்டும் பள்ளியிலேயே தங்கவேண்டுமாயின் அச்செலவுக்கு யார் பொறுப்பு? படிப்புக்குத்தான் பொதுப்பணம் உண்டு. படித்தபின் வாழ்வதற்கு இல்லை. மனநோயாளருக்காகப் பாடுபட்ட டாரதி டிக்ஸ் அம்மையார் முதலிய நண்பர்கள் ஒரு நிதி திரட்டிக் கொடுத்தமையால், லாரா 1889இல் இறக்கும்வரை பெரும்பாலும் அப்பள்ளியிலேயே வாழ்ந்தாள். இத்தகைய நண்பர் வாய்க்கப்பெறாத மாணவருக்கு என்ன வழி? இதை உணர்ந்தே ஹௌ 1840இல் வயது வந்த அந்தகர் கூலிக்கு வேலை செய்யத்தக்க தொழிற்சாலை ஒன்றைப் பள்ளியோடு தொடங்கியிருந்தார்.

நூல்களின் விலையும் அவருக்குப் பெருங்கவலையாயிற்று. மேடான எழுத்தில் அச்சிடும் நூல்கள் பருமனும் விலையும் மிக்கவை, வாங்குவோரோ சிலர். ஹௌ தாமே ஓர் எழுத்துமுறையை அமைத்து, அப்போஸ்தலருடைய நடபடிகள் முதலிய நூல்களை அச்சிட்டார். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே அச்சிடுவதைவிட நாடு முழுமைக்கும் பொதுவாக அச்சிடுவதே சிக்கனம் என்று அவர் வாதித்தார். அவர் காலத்தில் அது கைகூடவில்லை. அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1879இல், லூயிவில் நகரிலுள்ள அந்தகர் அச்சகத்தின் வாயிலாகப் பள்ளிகளுக்கு நூல் வழங்க அமெரிக்கக் காங்கிரஸ் ஆண்டுக்கு 10,000 டாலர் ஒதுக்கிச் சட்டமியற்றியது.

அறிவு வளர்ச்சி குன்றியோர்

கண்ணிழந்தோருக்கு வழி செய்தபின், ஹௌவின் கருத்து அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின்பால் சென்றது. அவர்களுக்குக் கல்வி கற்பிக்க முடியும் என்பதையே அக்காலத்தார் நம்பவில்லை. 1846இல் மாகாணச் சட்டசபை அவர்களுடைய நிலையை ஆராய ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவர் ஹௌ. குழுவினர் ஊர் ஊராய்ச் சென்று, ஏழையர் இல்லங்களிலும் குடிசைகளிலும் அடைபட்டுக் கிடந்தோரை நேரிற் கண்டு, 1848இல் அறிக்கை அளித்தனர். பெற்றோரின் மதுபானமும் ஒழுக்கக்கேடுமே இக்குறைக்குப் பெருங்காரணம் என்று அவ்வறிக்கை கூறியது பெரும்பிழை. ஆயினும், இக்குழந்தைகளும் கற்கவல்லவர், அவர்களுக்குக் கற்பிப்பது பொதுக்கடமை என்று அது வற்புறுத்தியமை பெருநன்மை.

சட்டசபை மூன்றாண்டுச் சோதனைக்காக ஆண்டுக்கு 2,500 டாலர் ஒதுக்கி, ஏழைக் குழந்தைகள் 10 பேருக்குக் கற்பிக்கப் பணித்தது. 1848 அக்டோபரில், அந்தகர் பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதியிலேயே அப்பள்ளி தொடங்கியது. நடக்கவும் தாமே உண்ணவும் அறியாதிருந்த குழந்தைகள் அவற்றைக் கற்றனர். சிலர் பேசவும் எழுதவும் கற்றனர். சோதனை வெற்றி பெறவே, பள்ளி நிலைபெற்றது.

இங்கேதான் நாம் முன்னர்க் குறித்த குறை வெளிப்படுகின்றது. பொக்கிஷத்தைக் காப்போர் மனம் இசையுமாறு, ஹௌ தம் வாதத்தில் சிக்கனத்தையும் சேர்த்துக்கொண்டார். இன்று கற்பிக்கச் சிறிது செலவிட்டால், இக்குழந்தைகள் நாளை ஏழையர் இல்லத்தில் வாழ்நாளெல்லாம் தங்கி உண்ணும் பெருஞ்செலவு மிஞ்சும் என்றார். இது பலருக்குப் பொருந்தும் உண்மையே. ஆனால் ஒரு குழந்தையின் கல்விக்கு ஆதாயத்தைக் காரணமாகக் காட்டினால், எந்தக் குழந்தையிடமிருந்து ஆதாயம் வராதோ அந்தக் குழந்தையின் உரிமை என்னாகும்? பள்ளியின் நற்பெயரைக் காக்கவும் உதவித்தொகை தொடரவும், முன்னேறத்தக்க குழந்தைகளையே தெரிந்தெடுக்க நேர்ந்தது. மிகவும் மெலிந்த குழந்தை, யாருக்காகப் பள்ளி தேவையோ அக்குழந்தை, வாயிலிலேயே நின்றுவிட்டது.

கட்டடங்களுக்கு எதிராக

ஹௌவின் முதுமையில் நிகழ்ந்த செயல் ஒன்று அவர் பெருமையை நன்கு காட்டும். 1866ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் மாகாணத்தின் படேவியா என்னும் ஊரில் அந்தகர் பள்ளி ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினர். அத்துறையின் தந்தை எனத்தக்க ஹௌவைச் சொற்பொழிவாற்ற அழைத்தனர். வாழ்த்துரையை எதிர்பார்த்தோருக்கு அவர் ஓர் எச்சரிக்கையையே வழங்கினார். குறையுள்ளோரை ஒரே கூரையின்கீழ் நூற்றுக்கணக்காகச் சேர்த்து வைப்பது அவர்களுக்கும் நாட்டுக்கும் நன்றன்று. இத்தகைய நிலையங்கள் சிலவாகவும் சிறியனவாகவும் இருத்தல்வேண்டும். இயன்ற மட்டும் குழந்தை தன் வீட்டில் வளர்ந்து, தன்னூர்ப் பிள்ளைகளோடு பொதுப்பள்ளியிற் கற்பதே முறை என்று விளக்கினார். முப்பதாண்டுகளுக்கு மேலாக நிலையங்களைக் கட்டுவதற்குப் பணம் திரட்டிய ஒருவர், அடிக்கல்லின் பக்கத்தில் நின்று இவ்வாறு கூறுவதற்கு எத்துணை நேர்மை வேண்டும்!

இக்கருத்துக்கும் பணத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. பெருங்கட்டடம் ஒன்று எழுந்துவிட்டால், அதை நிரப்பியே ஆகவேண்டும். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று மாகாணம் கொடுக்கும்போது, காலியான கட்டில் நட்டமாகின்றது. குழந்தைக்கு எது நலம் என்று கேட்பதற்கு முன்னரே, பணம் செல்லும் வழியில் குழந்தையும் செல்ல நேரிடும். ஊருக்கும் இது வசதியே. தன் பள்ளியில் வைத்துக் கற்பித்தால் தன் வரிப்பணம் செலவாகும், நிலையத்துக்கு அனுப்பினால் மாகாணத்தின் பணம் செலவாகும். குழந்தையோடு பணத்தை இணைத்த அந்த நல்ல ஏற்பாடே, பணம் ஓரிடத்தில் மட்டும் கிடைக்குமாயின், குழந்தையை வீட்டினின்றும் பிரிப்பதற்குக் காரணமாயிற்று.

ஹௌ தம் அதிகாரத்துக்கு உட்பட்ட அளவில் இதை மாற்ற முயன்றார். 1865 முதல் 1874 வரை மாகாண அறநிலையச் சபையின் தலைவராயிருந்து இக்கொள்கையைப் பரப்பினார். தம் பள்ளியிலும் பெண் மாணவருக்குப் பெரிய கூடத்தை விடுத்து, குடும்பம்போல் சிலர் சிலராக வாழும் சிறு வீடுகளை 1870இல் அமைத்தார். 1869இல் பாஸ்டன் நகரப் பள்ளிக்குழு, செவிகேளாத குழந்தைகள் பகலில் வந்து கற்று மாலையில் வீடு திரும்பும் பள்ளி ஒன்றைத் தொடங்கியதும் அக்காலத்தில் எழுந்த புதிய எண்ணத்தின் பயனே.

அவர் குறையற்றவரல்லர். 1843இல் அவர் மணந்த ஜூலியா வார்டு புகழ்பெற்ற கவிஞர்; மனைவியார் பொதுவாழ்வில் ஈடுபடுவதை ஹௌ விரும்பாமல் அவரை வருத்தினார். அடிமைகளின் விடுதலைக்காக ஆயுதமேந்திய ஜான் பிரவுனுக்கு மறைவாக உதவிய அறுவருள் அவரும் ஒருவர். அம்முயற்சி 1859இல் முறிந்தபோது சிலகாலம் கனடாவுக்குச் சென்று ஒதுங்கியிருந்தார். 1876ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அவர் உயிர்நீத்தார்.

அவருக்குப்பின்

அவர் நட்ட மரம் இருவகைக் கனி தந்தது. 1880இல், டூக்ஸ்பரி என்னும் ஊரிலிருந்த மாகாண ஏழையர் இல்லத்தில், பார்வை மங்கிய அனாதைச் சிறுமி ஒருத்தி, அவ்வில்லத்தைப் பார்வையிட வந்த அதிகாரிகளிடம் தன்னைப் பள்ளிக்கு அனுப்புமாறு மன்றாடினாள். அவள் ஹௌவின் பள்ளிக்கு அனுப்பப்பட்டாள். அவளே ஆன் சல்லிவன். டிக்கன்ஸ் எழுதிய நூலில் லாராவைப்பற்றிப் படித்த ஒரு தாய் தன் மகளுக்கும் ஆசிரியர் வேண்டுமென்று முயன்றபோது, ஹௌவின் மருமகனும் பள்ளித் தலைவருமாகிய மைக்கேல் அனக்னாஸ், 1887இல் ஆன் சல்லிவனை அலபாமாவுக்கு அனுப்பினார். அந்த மகளே ஹெலன் கெல்லர். ஏழையர் இல்லத்துச் சிறுமிக்கும் பள்ளியின் வாயில் திறந்திருந்தமையால் விளைந்த பயனை யாரால் கணக்கிடமுடியும்?

மற்றக் கனி கசந்தது. அறிவு வளர்ச்சி குன்றியோருக்காக ஹௌ பத்துக் குழந்தைகளோடு தொடங்கிய பள்ளி, அவர் அஞ்சியவாறே வால்தம் என்னுமிடத்தில் பெருநிலையமாய்ப் பெருகியது. கற்று வீடு திரும்பவேண்டிய குழந்தைகள் அங்கேயே முதுமையடைந்தனர். கடைசியாக அங்குத் தங்கியிருந்தவர் வெளியேறி அந்நிலையம் ஓய்ந்தது 2014ஆம் ஆண்டில்தான்.

படேவியாவில் ஹௌ கூறியது சட்டமாவதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது. 1972இல் மாசசூசெட்ஸ் மாகாணம், குறையுள்ள குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஏற்ற கல்வியைத் தருவது அக்குழந்தை வாழும் பள்ளி வட்டாரத்தின் கடமை என்று சட்டம் செய்தது. 1975இல் நாடு முழுமைக்கும் அத்தகைய சட்டம் பிறந்தது. அதன்படி, மாணவன் ஒருவனுக்கு நாட்டில் ஆகும் சராசரிச் செலவில் நூற்றுக்கு 40 பங்கு வரை மைய அரசாங்கம் குறையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் உதவலாம் என்று வரையறுத்தனர். அவ்வளவை அது ஒருபோதும் எட்டவில்லை. எஞ்சிய சுமை மாகாணத்தின்மேலும் வட்டாரத்தின்மேலும் விழுந்தது. கடமை ஊருக்குத் திரும்பியபோது, ஊரின் பழைய இடரும் திரும்பியது: மிகுந்த உதவி வேண்டிய குழந்தை ஒன்று குடிவந்தால், சிறு வட்டாரம் தன் வரவுசெலவுத் திட்டத்தை நினைந்து கலங்குகின்றது. அதனாற்றான் 2004ஆம் நிதியாண்டில் மாசசூசெட்ஸ் ஓர் ஏற்பாடு செய்தது. ஒரு குழந்தையின் செலவு மாகாணம் வகுத்த சராசரி அளவின் நான்கு மடங்கைக் கடந்தால், கடந்த தொகையில் நூற்றுக்கு 75 பங்கு வரை மாகாணமே வட்டாரத்துக்குத் திருப்பித்தரும். குழந்தை தன்னூரில் இருக்க, சுமையை மட்டும் எல்லாரும் பகிர்ந்துகொள்வது இதன் நோக்கம். ஹௌவின் இளமைக் கருத்தும் முதுமைக் கருத்தும் இதில் ஒன்றுகூடுகின்றன என்னலாம்.

ஹௌவின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது யாது? குறையுள்ள குழந்தையின் கல்விக்கு ஆகும் செலவைப்பற்றிப் பேச நாணுதல் வேண்டா. பேசாதிருந்தால் அக்குழந்தை ஏலத்திலோ ஏழையர் இல்லத்திலோ முடியும். ஆனால் கேள்விகளின் வரிசையை மாற்றலாகாது. இக்குழந்தைக்கு என்ன வேண்டும் என்பது முதற்கேள்வி. அதற்கு என்ன செலவாகும் என்பது இரண்டாவது. அச்செலவை யாவரும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பது மூன்றாவது. இதனால் நமக்கு என்ன மிஞ்சும் என்பது கேள்வியே அன்று. ஆதாயங்காட்டிப் பெற்ற பணம் ஆதாயம் தராத குழந்தையைக் கைவிட்டது. இரக்கங்காட்டிப் பெற்ற பணம் இரக்கம் தணிந்தபோது நின்றது. கடமையென்று சட்டத்தில் எழுதப்பட்ட பணமே ஆண்டுதோறும் வாதாடியேனும் வந்துகொண்டிருக்கின்றது. அக்கடமையைத் தம் நாட்டார் கண்முன் முதலில் எடுத்துவைத்தவர்களுள் ஒருவராகவும், தாம் கட்டியதன் குறையைத் தாமே எடுத்துரைத்தவராகவும் வைத்தியர் ஹௌ என்றும் நினைக்கப்படுவார்.